முட்டியில் இடிக்காத இருபது டிரம்கள்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் பத்தாம் நாள், திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். முந்திய நாள் மாலையில் பிடித்த மழை விட்டு, தூறல் மட்டும் இருந்தது. விருத்தாசலத்தில் தம் வீட்டில், மனைவியும் மகளும் நானும் அருகில் இருக்க, தம்பி நம்மைப் பிரிந்தார். வயது அறுபத்து மூன்று ஆண்டு, நான்கு மாதம். நான் அவருக்குப் பதினோரு ஆண்டு மூத்தவன். வரிசைப்படி நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை அவர்தான் எழுதியிருக்க வேண்டும். நேரில் ஒருநாளும் அவரை 'நீங்க' என்று நான் அழைத்ததில்லை. எழுத்திலாவது அந்த மரியாதை அவருக்குச் சேரட்டும்.

தம்பி பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். நிலம் இரண்டேகால் ஏக்கர், அதைப் பார்க்க அப்பா ஒருவரே போதும். பத்தாம் வகுப்பு முடித்தவர் பதினெட்டு வயதில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் சேர்ந்தார். பாரிஸ் சாந்தில், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில், அச்சு எடுக்கும் வேலை. கப், ஃபியூஸ் கட்டை, பொம்மை என்று இருபத்திரண்டு ஆண்டுகள் அச்சு எடுத்தார். தொழிற்கூடம் மூடப்பட்டபோது அவருக்கு வயது நாற்பது. மகள் முதல் வகுப்பில் இருந்தாள். மைத்துனருக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் மேளம் செய்யும் தொழில். அவரிடம் மூன்று ஆண்டுகள் இருந்து கற்றுக்கொண்டு, திரும்பி வந்து ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். கோயில்களுக்குத் தவில், பம்பை, உறுமி செய்து கொடுத்தார். தரத்தில் குறை சொன்னவர் இல்லை. ஆனால் திருவிழாக் காலம் முடிந்தால் ஆண்டில் ஐந்து மாதம் ஷெட்டில் வேலை இராது. அந்த ஐந்து மாதமும் ஐந்து தொழிலாளர்களையும் அவர் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அதனால் கையில் எதுவும் தங்கியதுமில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு தீபாவளிக்கு மறுநாள், என் வீட்டுக்கு வந்தவர், "அண்ணே, ஸ்கூலு பேண்டுக்கு டிரம் செய்யப் போறேன்" என்றார். "நம்ம பக்கத்து ஸ்கூலுங்க எல்லாம் வடக்கேயிருந்து வாங்குதுங்க. அணிவகுப்புக்குக் கோயிலுமாதிரி சீசன் கெடையாது. வருசம் பூரா வேலை இருக்குது."

நான் பதினான்கு கேள்விகள் கேட்டேன். ஒன்பதுக்குப் பதில் சொன்னார். மீதி ஐந்துக்குச் சிரித்தார்.

முதல் ஆர்டர் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து வந்தது. தோளில் வார் போட்டு மாட்டி, இரண்டு குச்சியால் அடிக்கிற சைடு டிரம் இருபது. குடியரசு தின அணிவகுப்புக்கு. மார்கழிக் கடைசியில் இருபதையும் கொண்டுபோய் இறக்கினார். நாதம் வெண்கலம்போல் இருந்தது என்று தலைமையாசிரியையே சொன்னாராம்.

நான்காம் நாள் உடற்கல்வி ஆசிரியை ஒரு டிரம்மோடு ஷெட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், சத்தம் நல்லா இருக்குது. ஆனா புள்ளைங்களுக்கு முட்டியெல்லாம் கன்னிப்போச்சு. பதினேழு பேருக்கு. எல்லாருக்கும் எடது முட்டி. காலத் தூக்கினா டிரம்மு வந்து இடிக்குது."

தம்பி டிரம்மை வாங்கி மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஒம்போது நாள் தரேன். அதுக்குள்ள சரியாவலன்னா திருப்பி எடுத்துக்குங்க. நான் வடக்குலேருந்து வரவழைச்சிக்கிறேன். தப்பா நெனைக்காதீங்க."

தவறு எங்கே என்று அன்றே தெரிந்துவிட்டது. சாமி புறப்பாட்டில் மேளக்காரர் பத்தடி நடந்தால் பத்து நிமிடம் நிற்பார். காலை உயர்த்தி நடக்கும் வழக்கம் அங்கே இல்லை. அந்தப் பழக்கத்திலேயே ஷெட்டில் ஆறு பேரும் இருபது டிரம்மையும் உட்கார்ந்து அடித்துப் பார்த்தார்கள், நின்று அடித்துப் பார்த்தார்கள். ஒருவர்கூட மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கவில்லை. பலாக்கட்டையைத் தவிலுக்குக் கடைவதுபோல் கடைந்ததில் எடை வேறு கூடிவிட்டது. நான் நிறுத்துப் பார்த்தேன்: ஐந்து கிலோ நானூறு கிராம்.

இருபதும் திரும்பி வந்தால் அந்த மாவட்டத்தில் வேறு எந்தப் பள்ளியும் தம்பியிடம் டிரம் வாங்காது. மறுபடி ஐந்து மாதச் சும்மா. இந்த முறை தாக்குப்பிடிக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஆள் அனுப்பி என்னை ஷெட்டுக்கு வரவழைத்தார்.

"அண்ணே, உங்க உசரம் என்னா?"

"அஞ்சடி ஒண்ணு. எதுக்குடா?"

"ஒம்போதாங்கிளாஸு புள்ளைங்க உசரம் அதான். எடையுங்கூட. கொஞ்சம் மாட்டிக்கிட்டு நடங்க."

அறுபத்தொன்பது வயதில் டிரம்மை மாட்டிக்கொண்டு ஷெட் வாசலில் நடந்தேன். நாற்பது அடிக்குப் பத்தொன்பது இடி. வார் தைக்கும் மல்லிகா, "பெரியவரே, கால இன்னுங் கொஞ்சம் தூக்குங்க. எறும்பு கடிச்சாக்கூட இதவிட மேல தூக்குவீங்க" என்றாள். இன்னும் உயரத் தூக்கி, இடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பிறகு என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, இடது தொடையில் வேட்டிக்கு மேல் ஈரத்துணி சுற்றி, பாரிஸ் சாந்தைக் குழைத்துப் பூசினார் தம்பி. அந்தச் சாந்து இறுகும்போது சூடேறும் என்பது எனக்குத் தெரியாது. காலே வெந்துவிட்டது என்று சத்தம் போட்டேன்.

"இருவத்திரண்டு வருசம் அச்சு எடுத்திருக்கேண்ணே. ஒரு கப்புகூட இப்படிக் கத்துனதில்ல."

அந்த அச்சை வைத்துத் தகட்டை வளைத்தார். டிரம்மின் பக்கத்தில் பொருத்தினால் தகடு தொடை மேல் அணைந்து உட்காரும். கால் உயரும்போது டிரம் விலகிக்கொடுக்கும். மீதிப் பத்தொன்பதையும் பள்ளியிலிருந்து எடுத்துவந்து, கட்டைகளை மறுபடி கடைந்து எடையை மூன்று கிலோ தொள்ளாயிரத்துக்குக் கொண்டுவந்தார். வாரை மல்லிகா நான்கு முறை பிரித்துத் தைத்தாள். எட்டு நாட்களில் நான் நடந்தது, என் கணக்குப்படி, ஆறாயிரத்து இருநூறு அடி. கடைசி நாற்பது அடியில் இடி ஒன்றுகூட இல்லை. ஒன்பதாம் நாள் டிரம்கள் பள்ளிக்குத் திரும்பின.

குடியரசு தினத்தன்று காலை பனி விலகியிருந்தது. இருபது பெண்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். எல்லோரும் கொடியைப் பார்த்தபோது தம்பி முட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று முடிந்ததும் ஆசிரியை எங்களை நோக்கித் தலையை ஒருமுறை அசைத்தார். தம்பி அப்போதுதான் உட்கார்ந்தார்.

அந்த ஆண்டே மேலும் மூன்று பள்ளிகள் கேட்டன, இன்று பதினாறு. தொழிலாளர்கள் பதினொரு பேர். ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது.

கடைசியாக வீடு திரும்புமுன், இருதய நோயால் தம்பி மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். மகள்தான் ஷெட்டைப் பார்த்துக்கொண்டாள். பெரிய டிரம்முக்குப் புது வார் செய்து எடுத்துவந்து காட்டினாள். பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும், "நடந்து பாத்தியாம்மா?" என்று கேட்டார். "தெனம் நூறு அடிப்பா" என்றவள், வாரை மாட்டிக்கொண்டு வார்டின் நடைபாதையில் போய்த் திரும்பி வந்தாள். நர்சுகள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். பொங்கலுக்குள் ஐம்பது டிரம் அனுப்ப வேண்டும் என்று அவளிடம் சொன்னார். அவள் ஐம்பத்திரண்டு அனுப்பினாள்.

மழையென்று பாராமல் வந்து இறுதிவரை உடனிருந்த உறவினர்களுக்கும், கருவேப்பிலங்குறிச்சிப் பங்காளிகளுக்கும், மருத்துவர்களுக்கும், தம்பியைத் தோளில் சுமந்த ஷெட்டுத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. ஒன்பது நாள் அவகாசம் கொடுத்த ஆசிரியைக்குத் தனியாக நன்றி. அவர் அன்றைக்கே வண்டி வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

சரிசெய்த செலவில் பாதியைத் தருவதாகப் பள்ளி சொன்னது. "நடந்து பாக்காதது என் தப்பு. புள்ளைங்க எதுக்குக் குடுக்கணும்?" என்று தம்பி வாங்க மறுத்தார். ஸ்கூட்டரை விற்றுத் தாமே முழுதும் கட்டினார். தகடு, வார், கடைசல் கூலி, சாந்து, வண்டி வாடகை, ஐந்து பேருக்கு ஒன்பது நாள் கூடுதல் சம்பளம், எல்லாம் சேர்த்து முப்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.