வீடு ஆர்ர பேரில?

நூலை ஆராய்பவன் தன் ஊரை மறந்துவிடலாகாது. அதற்கு நானே சான்றாதலின் இதனை எழுதிவைக்கின்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கல்முனை வாசகர் வட்டத்துக்காகப் பழைய இந்திய நாவலொன்றை ஆராய்ந்தேன். கணவன் வெளியேற்றியபோது வாய்திறவாது அழுதுகொண்டே சென்ற நாயகியை, ‘உறுதியற்ற பாத்திரம்’ என்று கண்டித்துக் கட்டுரை வரைந்தேன். அதனை என் மூத்த சகோதரியான ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரோ, எங்களூர் வழக்கப்படி பெற்றோர் தம் பேரில் எழுதித்தந்த சீதனவீட்டை மறுநாள் கணவரின் பேருக்கு எழுதிக்கொடுக்க இருந்தார். ஆண்மகனுக்கு அதுவே மதிப்பு என்று அறிவுரை கூறியவன் நானே.

“தம்பி, அந்த வீடு ஆர்ர பேரில?”

நூலைப் புரட்டிப் பார்த்து, “புருசன்ட பேரில” என்றேன்.

“அப்ப அவள் அழாம என்ன செய்யிற? நம்மட ஊரெண்டா மாப்பிள்ளைதான் பெட்டியத் தூக்கிக்கிட்டு தன்னப் பெத்த உம்மாட வீட்டுக்குப் போகணும்!”

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“தம்பி, நாளைக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்.”

அந்நாயகியின் குணத்தில் நான் கண்ட குறை, உண்மையில் வீட்டின் உறுதிப்பத்திரத்தில் இருந்தது. கட்டுரையைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். இன்றும் எக்கதையைத் திறப்பினும், வீடு எவருடையது என்றே முதலில் தேடுகின்றேன்.

இதிலும் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. ராத்தா திருத்திய பின்னர், திருத்தப்படுவதில் எனக்கு நாணமில்லை.