தோளில் கிடந்த சால்வை

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், யாழ்ப்பாணத்தில் சொந்தமாகக் கொட்டகை போட்டுப் படம் காட்டினேன். ஆங்கிலப் படங்களுக்குத் திரையோரம் நின்று தமிழில் விளக்கம் சொல்ல ஒரு மெலிந்த மனிதரை வைத்திருந்தேன்; மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் தோளில் எப்போதும் வெள்ளைச் சால்வை கிடக்கும். கோயிலில் மட்டும் சாமிக்கு மரியாதையாக அதை எடுத்து இடுப்பில் கட்டுவார்.

முதலில் வந்த படத்தில் இராட்சதக் குரங்கு ஊரையே நொறுக்கியது. "அரக்கன்!" என்று அவர் கத்த, சனம் அள்ளுப்பட்டு வந்தது. பிறகு வேறொரு கம்பனி எடுத்த படத்தில் அதே குரங்கு சாதுவாக இருந்தது. உடைந்த பாலத்தை முதுகால் தாங்கிச் சனத்தைக் கரைசேர்த்துவிட்டு, ஆற்றில் விழுந்து செத்தது.

"முதலாளி, உவன் ஒருத்தரையும் கொல்லேல்லை. அரக்கன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சனம் அரக்கனைப் பாக்கத்தான் வருது, மாஸ்ரர். ஏலாதெண்டால் வேறை வேலை பாரும்."

"ஓம்" என்றார்.

அன்று குரங்கு விழுந்ததும், "செத்தான் அரக்கன்!" என்றார். சனம் கைதட்டியது. அவர் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றார்.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பிறகு நாலு கொட்டகை கட்டினேன். எத்தனையோ பெரிய மனிதர்கள் என் முன்னால் பணிவாகச் சால்வையை இறக்கியிருக்கிறார்கள். அவர், அந்த "ஓம்" சொன்னபோதுகூட, எனக்கு இறக்கவில்லை.