சாமுண்டீஸ்வரியின் போன் அடிக்காத வாரம்

மரக்காணம் உப்பளத்தில் வெடித்த காலுக்கும் வேலை உண்டு என்று முதலில் சொன்னவள் சாமுண்டீஸ்வரி. பாத்தித் தண்ணீரில் நாள் முழுக்க நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். குதிகால் வெடித்துவிட்டால் அதில் உப்புத் தண்ணீர் இறங்கி உயிரை வாங்கும். அப்படி ஆனவள் வீட்டில் கிடப்பாள், அன்றைய கூலியும் போகும். காலங்காலமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை.

சாமுண்டீஸ்வரி தன்னோடு வேலை செய்யும் பெண்களின் செட்டுக்குத் தலைவியானதும், கால் வெடித்தவளைக் கரையில் உட்கார வைத்தாள். சிந்திய உப்பைக் கூட்டிச் சேர்க்க வேண்டும், போன் வந்தால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. செட்டுப் பெண்களின் வீடுகளுக்கெல்லாம் சாமுண்டீஸ்வரியின் நம்பர் தெரியும். பிள்ளைக்குப் பள்ளியில் காய்ச்சல், புருஷன் சாவியைத் தொலைத்துவிட்டான், எதுவானாலும் அந்த நம்பருக்குத்தான் வரும். கரையில் இருப்பவள் எடுத்து, சம்பந்தப்பட்டவளைக் கூவி அழைப்பாள்.

"போன் எடுக்கறதுக்கு ஒரு ஆளு கூலியா?" என்று உப்பளத்து சூப்பர்வைசர் ராஜாங்கம் குதித்தார்.

"நீங்க கூப்பிட்டா ஒடனே எடுக்க ஆள் வேணுமா வேணாமாண்ணா?" என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள். தன் போனை உடனே எடுக்க ஓர் ஆள் இருப்பது ராஜாங்கத்துக்குப் பிடித்திருந்தது. மனிதர் கெட்டவர் இல்லை, கௌரவம் மட்டும் கொஞ்சம் கூடுதல். கூலிக்குத் தலையாட்டிவிட்டார்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சாமுண்டீஸ்வரி வீட்டில் நல்ல போன் ஒன்றே ஒன்றுதான். மகள் பூங்குழலி அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறாள், பகலெல்லாம் அதில்தான் பாடம் பார்ப்பாள். அதனால் சாமுண்டீஸ்வரி போனை வீட்டிலேயே விட்டுவிட்டு, வரும் அழைப்பை மட்டும் அன்றைக்குக் கரையில் உட்காருபவளின் நம்பருக்கு டைவர்ட் போட்டுவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் டைவர்ட்டை எடுத்துவிடுவாள். மகளின் படிப்பும் கெடவில்லை, செட்டின் வேலையும் கெடவில்லை.

அந்த வாரம் செட்டுக்கு வேலை இல்லை. உப்பை வாரி அம்பாரமாகக் குவித்தாகிவிட்டது. பாத்தியில் புதுத் தண்ணீர் விட்டு, அது காய்ந்து உப்புப் பூப்பதற்காகக் காத்திருந்தார்கள். நடுவில் மழை வந்தால் மட்டும் ராஜாங்கம் கூப்பிடுவார், ஓடிப் போய் அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். சாமுண்டீஸ்வரி கீழ்புத்துப்பட்டில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மேற்கே கறுத்தபோது பந்தியில் உட்கார்ந்துகொண்டே போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். அடிக்கவில்லை. மரக்காணத்தில் மழை இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாகப் பாயசம் குடித்தாள்.

மறுநாள் காலையில் உப்பளத்துக்குப் போனால், அம்பாரத்தில் ஒரு பக்கம் கரைந்து சரிந்து கிடந்தது. ராஜாங்கம் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"எத்தினி வாட்டி கூப்பிடறது? ரிங் போவுது, பாட்டு பாடுது, ஆளு மட்டும் எடுக்க மாட்டேங்குது. கல்யாண வீட்டுல அவ்ளோ பிசியா?"

"சத்தியமா போன் வரலைண்ணா. கையிலேயேதான் வச்சிருந்தேன்."

"பூண்டி ஏரி மதகு மாதிரி ஊத்தித் தள்ளுச்சு மழை. நான் ஒரு ஆளு எத்தினி பக்கம் தார்ப்பாயை இழுக்கறது?"

"வேணும்னா எங்க செட்டு முத்தம்மா நம்பரு தரேன், அதுல கூப்பிடுங்க."

"நான் யார் யாரையோ தேடிக் கூப்பிடணுமா? செட்டுக்கு நீதான தலை? இன்னிக்கு சாயந்திரம் உன் நம்பருக்கே அடிப்பேன். எடுத்தா பாத்தி உங்க செட்டுக்கு. எடுக்கல, அனுமந்தை ஊரு செட்டை வரச் சொல்லிடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பாத்தியை நம்பி அத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது. சாமுண்டீஸ்வரி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாதாடாமல் நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் சந்தியாவின் போன் கடைக்கு நடந்தாள்.

சந்தியா நல்ல வேலைக்காரி. ஏரோப்பிளேன் மோடு பார்த்தாள், யாரையாவது பிளாக் செய்திருக்கிறதா என்று பார்த்தாள், சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். போனை அணைத்துப் போட்டாள். சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. இங்கிருந்து பேசினால் போகிறது, மெசேஜ் வருகிறது, அழைப்பு மட்டும் வரவில்லை. சிம்மை வேறொரு போனில் மாட்டிப் பார்த்தாள், அதிலும் அதே கதை.

"போன்ல கோளாறு இல்லக்கா. சிம்மு மாத்திப் பாக்கலாம். ஆதார் எடுத்துக்கினு வாங்க, ஆனா புது சிம்மு வேலை செய்ய நாளைக்கு ஆயிடும்."

"நாளைக்கு ஆச்சுன்னா எங்க செட்டே இருக்காது சந்தியா."

சந்தியாவுக்கும் சங்கடமாகிவிட்டது. இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்று தன் போனிலிருந்து சாமுண்டீஸ்வரியின் நம்பரை அடித்தாள். மேசைமேல் சாமுண்டீஸ்வரியின் போன் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. சந்தியாவின் போனில் மட்டும் மெல்லிசாக ஏதோ பாட்டு கேட்டது.

பாட்டு பாடுது என்று ராஜாங்கம் சொன்னது கிண்டல் இல்லை என்று அப்போதுதான் சாமுண்டீஸ்வரிக்கு உறைத்தது. அவள் தன் போனில் பாட்டு எதுவும் வைத்ததில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தாள். அது சர்ச்சில் பாடும் பாட்டு. செட்டில் அந்தப் பாட்டை வைத்திருப்பவள் கிருபா ஒருத்திதான்.

அவ்வளவுதான், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. கடைசியாக உப்பு வாரிய அன்று கரையில் உட்கார்ந்தவள் கிருபா. பிரம்மதேசத்தில் அவள் அம்மா விழுந்து இடுப்பு முறிந்துவிட்டதாகச் சேதி வந்தது. கால் வெடிப்போடு நொண்டிக்கொண்டே அழுதவளைச் சாமுண்டீஸ்வரிதான் கைத்தாங்கலாக அழைத்துப் போய் பஸ் ஏற்றிவிட்டாள். ராஜாங்கத்திடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. அந்த அமளியில் வீட்டுக்கு வந்தவள் டைவர்ட்டை எடுக்க மறந்துபோனாள். மறுநாளிலிருந்து வேலையும் இல்லை, வேறு நம்பர் போடவும் இல்லை. எந்த அழைப்பும் தொந்தரவு செய்யாமல் பாடம் ஓடுகிறதே என்று பூங்குழலிக்கு அந்த வாரம் கொள்ளைச் சந்தோஷம்.

"அடக் கடவுளே, டைவர்ட்டா!" என்று சந்தியா தலையில் தட்டிக்கொண்டு, அதை எடுக்கும் எண்ணைப் போட்டாள். உடனே அடித்துப் பார்த்தாள். மேசைமேல் போன் கடையே அதிர அலறியது. சாமுண்டீஸ்வரி அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, அந்தப் பொண்ணு ஒரு வாட்டி எடுத்து சொல்லியிருந்தா இவ்ளோ வம்பே இல்லையே?"

வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்தில் கிருபாவை நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள். சாமுண்டீஸ்வரிக்குக் கோபம் வரவில்லை, பகீரென்றது. சொல்லாமல் வேலையை விட்டுப் போனவளின் போனில் சூப்பர்வைசர் நம்பர் விடாமல் அடித்தால் அவள் என்னவென்று நினைப்பாள்? அம்மா படுக்கையில் கிடக்கும் வீட்டில், அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி நடுங்கியிருப்பாள்? பாவம், அவளைப் போன் போட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க என்று செட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்தவளும் சாமுண்டீஸ்வரிதான். அதனால் யாரும் அவளுக்குப் பேசவில்லை. நல்லது நினைத்துச் செய்தது இப்படி வந்து முடிந்திருக்கிறது.

சாயங்காலம் மறுபடி மேற்கே கறுத்தது. ராஜாங்கத்தின் அழைப்பு வந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஓ, இப்ப மட்டும் வேலை செய்யுதா?"

"டைவர்ட் போட்டுட்டு எடுக்க மறந்துட்டேண்ணா. என் தப்புதான்."

"யாருக்குப் போச்சு என் போனு? யாரு எடுக்காம வுட்டது?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் தன் தலை தப்பும், கிருபாவின் வேலை போகும்.

"யாரையும் கேக்காதீங்கண்ணா. மறந்தது நானு. என்னைத் திட்டுங்க."

ராஜாங்கம் குறை வைக்கவில்லை. போனைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளுக்குச் செட்டு எதற்கு என்பதில் ஆரம்பித்து, கல்யாணம், பாயசம் என்று எல்லாவற்றையும் இழுத்தார். சாமுண்டீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். கடைசியில், "சரி சரி, மேகம் வருது, ஆளுங்களைக் கூட்டிக்கினு வா" என்று முடித்தார். தன் வார்த்தையை அவர் மாற்றவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர்தான்.

முத்தம்மாளும் அமராவதியும் செட்டில் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். காற்றில் தார்ப்பாய் எகிறியது, அதன் நாலு மூலையிலும் ஆள் படுத்துப் பிடித்தார்கள். கல் வைத்து, கயிறு இழுத்துக் கட்டி முடிக்கவும் மழை இறங்கியது. எல்லோரும் தொப்பலாக நனைந்துபோனார்கள். உப்பு நனையவில்லை.

ஷெட்டில் ஒதுங்கி நின்றுகொண்டு சாமுண்டீஸ்வரி ஈரக் கையைத் தலைப்பில் துடைத்து, கிருபாவைக் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் பாட்டு பாடியது. பிறகு எடுத்தாள்.

"அம்மா எப்படிடி இருக்காங்க?"

"எழுந்து உக்கார்றாங்கக்கா." அதற்குமேல் கிருபாவால் தாங்க முடியவில்லை. "ராஜாங்கம் சார் கூப்பிட்டுக்கினே இருந்தாருக்கா. வேலையை வுட்டு எடுக்கத்தான் கூப்பிடறாருன்னு பயந்துக்கினு நான் எடுக்கவே இல்ல. திட்டுவாராக்கா?"

"மாட்டாருடி. உனக்கு வெச்சிருந்த திட்டையும் சேத்து நானே வாங்கிட்டேன். நீ அம்மாவைப் பாத்துட்டு மெதுவா வா."