பாடகரை நீக்கிய பிறகு கேட்ட குரல்

போன வாரம் ஒரு காலை, பிலோமினாவின் மகள் ரோஸி தொலைபேசியில் அழைத்து, "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். இறந்த நேரத்தைக் கேட்கிறேன் என்று நினைத்து அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்டது, அடக்கப் பூசைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதை. ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டால் நேரம் கேட்டே பழகிய கோரஸ்காரர்களுக்கு எந்தச் செய்தி வந்தாலும் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். போனை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பிலோமினாவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் அவள் பாடியதைக் கேட்டிருப்பார்கள், அவள் என்று தெரியாமல். அறுபதுகளின் கடைசியிலிருந்து வடபழனிப் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் 'ஆ' என்றும் 'ஓ' என்றும் 'லல்லல்லா' என்றும் பாடிய பெண்கள் கூட்டத்தில் அவளும் நானும் உண்டு. திரையில் நாயகியைச் சுற்றித் தோழிகள் ஆடுவார்களே, அவர்களுடைய குரல் நாங்கள். அவள் சாந்தோம், தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவள். நான் தி. நகர், பாத்திரக்கடைக்காரர் மகள். கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா, "கோமதி டைப்பிங் வேலைக்குப் போறா" என்று சொல்லி வைத்திருந்தார்.

எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்போம். குரல் கனமானவர்கள் தள்ளி நிற்க வேண்டும். பிலோமினாவுக்குக் கணீரென்ற குரல். "பிலோமினா, இன்னும் கொஞ்சம் பின்னால போம்மா" என்று சொல்லாத ஒலிப்பதிவாளர் கிடையாது. அவள் முகம் சுளிக்காமல் பின்னால் போவாள். போகிற போக்கில் என் காதில், "இன்னும் கொஞ்சம் போனா பஸ் ஸ்டாண்டுல நின்னுதான் பாடணும்டி" என்பாள். அதற்கு நான் சிரித்துத் திட்டு வாங்கியதும் உண்டு.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தேவாலயத்தில் கடைசி சுரத்தை, குழுவை நடத்துகிறவர் கையை இறக்கும்வரை விடக்கூடாது. அது அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. நாங்கள் எல்லாரும் நிறுத்திய பிறகும் அவள் மட்டும் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பதிவு முடிந்ததும் இசையமைப்பாளரின் உதவியாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "யாரும்மா கடைசில இழுத்தது?" நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். "நான்தான் சார்" என்றாள் பிலோமினா. மறுபடி எடுக்க நேரமில்லை, பாடகர் வேறு கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "விடுங்க, அந்த எடத்துல பாடகர் அடுத்த வரி எடுத்துட்டாரு. அவர் குரல்ல மூடிக்கும்" என்றார் ஒலிப்பதிவாளர். மூடித்தான் போயிற்று.

அந்தச் சமயத்தில் அவள் வீட்டில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. தேவாலயம் நடத்தும் பங்குப் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருந்தது. மாமியார் லூர்தம்மாவுக்கு அதில் மருமகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கெட்ட மனுஷி இல்லை. ஆனால் ரேடியோவில் பிலோமினா பாடிய பாட்டு வரும்போதெல்லாம், "இதுல நீ எது?" என்று கேட்பார். பிலோமினாவால் காட்ட முடிந்ததில்லை. "கேக்கவே கேக்காத குரலுக்கு எதுக்கும்மா இவ்ளோ அலைச்சல்?" என்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்ததும் பள்ளியின் தலைமை சிஸ்டரிடம் பதில் சொல்வதாக ஏற்பாடு. கணவர் ஜோசப் அம்மா பேசும்போது அம்மா பக்கம், இவள் பேசும்போது இவள் பக்கம்.

பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னாள்: "பள்ளிக்கூட வேலை நல்ல வேலைதான் கோமு. ஆனா இத்தன வருசம் நான் ஒண்ணுமே பண்ணலன்னு ஒத்துக்கிட்டு அங்க போய் உக்கார முடியாது."

அவளுடைய கொழுந்தன் அகஸ்டின் சாந்தோமில் மைக்செட் வைத்திருந்தான். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு மேடையேறிப் பாட ஆசை. ஆர்கெஸ்ட்ராவுக்குச் செலவு செய்ய மனமில்லை. ரெக்கார்டைப் போட்டு, அதில் பாடகர் மட்டும் வாயை மூடிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். அகஸ்டின் விடாக்கண்டன். ஒயர்களைப் பிய்த்துப் பிய்த்து மாட்டி வழி கண்டுபிடித்துவிட்டு அண்ணியிடம் ஓடிவந்தான்.

"இன்னா அண்ணி, ஒயர மாத்திக் குடுத்தா பாடறவரு காணாம பூட்டாரு."

ஸ்டீரியோ ரெக்கார்டுகள் அப்போதுதான் இங்கே வரத் தொடங்கியிருந்தன. பாடகரின் குரலை இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமாக வைத்து, மற்றவர்களை இடமும் வலமுமாகத் தள்ளிவிடுவார்கள். இவன் செய்தது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்தைக் கழித்ததுதான். இரண்டிலும் ஒன்றாக இருப்பது அடிபட்டுப் போகும். நடுவில் இருப்பவர் போய்விடுவார்.

பிலோமினா கேட்டாள்: "அப்ப ஓரமா நிக்கிறவங்க?"

"அவுங்கல்லாம் அப்டியேதான் கீறாங்க."

இதைக் கேட்டதும் அவளுக்கு என்ன தோன்றியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் இழுத்துத் திட்டு வாங்கிய அந்தப் பாட்டு ஸ்டீரியோவில் வந்திருந்தது. ஒரு ரெக்கார்டைத் தேடிப்பிடித்து வாங்கினாள். "நீயும் அதுல இருக்க, கூட வாடி" என்று என்னையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள்.

நான் போனபோது லூர்தம்மா பட்டினப்பாக்கத்திலிருந்து வாங்கிவந்த மீனைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் அகஸ்டின் ஊசியை வைத்தான். பாடகர் இருக்க வேண்டிய இடத்தில், தூரத்துக் குளியலறையில் யாரோ பாடுவது மாதிரி ஒரு மெல்லிய எதிரொலி மட்டும். வயலின்கள் முன்னால் வந்தன. பிறகு நாங்கள் வந்தோம். என் குரலை என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. வரி முடிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். ஒரு குரல் மட்டும் நிறுத்தாமல், துணிச்சலாக, தனியாக நின்றது.

லூர்தம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"அத திரும்பப் போடுடா."

அகஸ்டின் போட்டான். அதே குரல், அதே இழுப்பு.

"இது நம்ம பிலோ. ஆமென்னுல இப்படித்தான் இழுப்பா. ஃபாதர் பேச ஆரம்பிச்சாலும் விடமாட்டா." பிறகு மகனிடம், "டேய் ஜோசப்பு, சிஸ்டர்கிட்ட போய் வேற ஆள் பாத்துக்கச் சொல்லு. இவளுக்கு வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பிலோமினா அழவில்லை. எனக்குத்தான் கண் கரித்தது. அன்றைக்கு நான் பட்ட பெருமையை என் பெயர் தனியாக ரெக்கார்டில் வந்திருந்தால்கூடப் பட்டிருப்பேனா, தெரியாது.

அந்தக் கல்யாணத்தில் சித்தப்பா பாடியது சகிக்கவில்லை என்று அகஸ்டின் பின்னால் சொன்னான்.

அதன் பிறகும் அவள் வெகுகாலம் பாடினாள். இழுப்பதையும் விடவில்லை, திட்டு வாங்குவதையும் விடவில்லை. புதிதாக வரும் பெண்கள் வாயை மட்டும் அசைத்துவிட்டு நிற்பதைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. "கேக்காதுன்னு நெனச்சுப் பாடாதம்மா. என்னைக்காச்சும் ஒருத்தன் ஒயர மாத்திக் குடுத்துடுவான்" என்பாள். அந்தப் பெண்கள் புரியாமல் என்னைப் பார்ப்பார்கள். நான் கதையைச் சொல்லுவேன்.

அடக்கத்துக்கு எங்கள் கூட்டத்தில் மிஞ்சியிருப்பவர்கள் வந்திருந்தோம். பிலோமினாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று அங்கே நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று யார் கேட்டாலும் "சும்மா, கோரஸ்தான்" என்று சொல்லியே பழகிய வாய் என்னுடையது. அப்பாவின் டைப்பிங் கதைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இளவயதுப் பாதிரியார் ஒருவர் எங்களைப் பார்த்து, "நீங்கல்லாம் அவங்களுக்குச் சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

"இல்ல ஃபாதர்" என்றேன். "நாங்க பாடகிங்க. அவளும்தான்."