சொரிமுத்துவின் எட்டங்குலக் கண்ணாடி

பம்பாய் தாராவியில் சொரிமுத்துவைத் தெரியாதவர்கள்கூட அவர் வீட்டுக் கொட்டகையைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால், காடி என்று சொல்லும் கடற்கழியின் சேற்றைப் பார்த்த பத்தடி இடம். நாலு பக்கமும் தகரம். கூரைத் தகரத்தைத் தள்ளினால் இரும்புச் சட்டத்தின் மேல் உருண்டு விலகிக்கொள்ளும். உள்ளே தண்ணீர்க் குழாயால் செய்த கால்மேல் நாலங்குலத் தொலைநோக்கி ஒன்று நின்றது. சந்து முழுக்க அதைத் துர்பீன் என்றுதான் சொல்லும்.

சொரிமுத்துவுக்கு முலாம் பட்டறையில் வேலை. ஆசிட் தொட்டிப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் நின்றவர். அந்தத் துர்பீனில் சனிக்கிரகம் காது முளைத்த உருண்டை போலத் தெரிந்தது. வளையத்தை வளையமாகவே பார்க்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. பெரிய துர்பீன் ஒன்று செய்ய, பழைய கப்பல்களை உடைக்கும் தாருகானாவில் கப்பல் ஒன்றிலிருந்து இரண்டு வட்ட ஜன்னல் கண்ணாடிகளைச் சாக்கில் கட்டிச் சுமந்து வந்தார். ஒன்றைப் பீப்பாய்மேல் பதித்து, அதன்மேல் மற்றதை வைத்து, நடுவில் கார்போரண்டம் என்ற உரைதூளும் தண்ணீரும் விட்டு, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே தேய்த்தார். பதினான்கு மாதம் தேய்த்தார்.

"செக்குமாடு சுத்துனா எண்ணெயாவது வரும். நீங்க சுத்திச் சுத்தி என்னத்தக் கண்டீய?" என்று மனைவி முப்பிடாதியம்மாள் கேட்பாள்.

1969 பிப்ரவரியில் எட்டங்குலக் கண்ணாடி குழிந்து, வழவழப்பாகி, தயாராக இருந்தது. வெள்ளி பூச வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பூசுவதற்கு முன் அழுக்கறத் துடைக்கப் பட்டறையிலிருந்து நைட்ரிக் ஆசிட் ஒரு பெரிய பாட்டில் வாங்கி வந்து கொட்டகையில் வைத்தார். பிள்ளைகள் ஓடித் திரியும் இடம். அதனால் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "அந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க. ஒரு சொட்டு பட்டாப் போதும், கண்ணு அவிஞ்சிரும்."

அவர் செய்த தப்பு அதுதான்.

மறுநாளே, தெற்கத்திக்காரர்களை விரட்டும் கலவரத்தில் ஊர் பற்றி எரிந்தது. மதறாஸிக் கடை என்று தெரிந்தால் போதும், கல், பிறகு மண்ணெண்ணெய். முப்பிடாதியம்மாளின் தம்பி கணேசபாண்டியன் மாட்டுங்காவில் இட்லிக் கடை வைத்திருந்தான். கடை எரிந்தது. சாமான்களை இழுக்கப் போனவனின் முன்கையும் வெந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம், அந்தக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆறேழு பேரோடு வந்தான். ஒருவன் தலையில் கூடை. கூடை நிறைய, ஆசிட் நிரப்பி எறிய மேல்பக்கம் துளைத்த பழைய மின்சார பல்புகள்.

"அத்தான், அந்த ஆசிட் பாட்டில எடுங்க."

"எதுக்கு மாப்ள?"

"எதுக்கா? வாற பயலுவ மூஞ்சியக் கழுவி விடத்தான். கூட்டம் ரோட்டு முனைக்கு வந்தாச்சு."

"அது கண்ணாடி துடைக்க வச்சிருக்கேன்."

கூடைக்காரன் சிரித்தான். "ஊரே எரியுது, அண்ணாச்சி மொகம் பாக்கக் கண்ணாடி துடைக்காரு!"

"நீங்கதான சொன்னீய, ஒரு சொட்டு போதும்னு?" என்றான் கணேசபாண்டியன். "இந்தச் சந்துல நாய்க்குக்கூடத் தெரியும்."

சொரிமுத்துவுக்கு, பட்டறையில் கூட வேலை பார்த்த பூலோகம் என்பவரின் முகம் கண்முன் வந்தது. ஆசிட் ஜாடி வெடித்த அன்று அவர் தலையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தது சொரிமுத்துதான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, பூலோகம் "வெளக்கப் போடு, வெளக்கப் போடு" என்று கத்திக்கொண்டே இருந்தார். பகல் பதினொரு மணி அப்போது.

"எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிக் கொட்டகைக்குள் போய்த் தாழ்போட்டார். சுவருக்கு அடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு ஒரு தொட்டி நிறைய இருந்தது. பாட்டிலை அதில் சாய்த்தார். சுண்ணாம்பு கொதித்துப் பொங்கியது. மூக்கை எரிக்கும் புகை தகர இடுக்கில் வெளியேறியதும் வெளியே நின்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

தகரத்தைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"ஏலே சொரிமுத்து!" பத்து வருஷமாக அத்தான் என்று கூப்பிட்ட வாய். முதல் அடி கன்னத்தில். இரண்டாவது, துர்பீனைச் சமநிலையில் நிறுத்தும் இரும்புக் குழாயால், தலையில். "என் கட எரிஞ்சுதுல! என் சோறு எரிஞ்சுதுல! நீ அவனுவ கண்ணக் காப்பாத்துதியா?" அடித்துக்கொண்டே அழுதான். மற்றவர்கள் பழைய தொலைநோக்கியைச் சாய்த்து, காலையும் குழாய்களையும் அடிதடிக்கு ஆளுக்கொன்றாகக் கழற்றினார்கள். எட்டங்குலக் கண்ணாடி அவர்கள் கண்ணில் படவில்லை. அது வீட்டுக்குள் அரிசி டிரம்மில் புதைந்து கிடந்தது.

அதற்குள் கூட்டம் சந்துக்குள் நுழைந்துவிட்டது. சோடா பாட்டில்கள் சுவரில் வெடித்தன. கற்கள் மழையாக விழுந்தன. கணேசபாண்டியன் குழாயோடு முன்னால் ஓடினான். நாலு பேர் அவனைக் கீழே தள்ளி, முழங்காலில் சைக்கிள் செயினாலும் கம்பியாலும் அடித்தார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் சொரிமுத்துவுக்குக் கேட்டது. கிழிந்த தகரத்தின் வழியே ஒருவன் அரிவாளோடு உள்ளே தாவினான். சொரிமுத்து கிடந்த குழாயை எடுத்து அவன் தோளில் ஓங்கி அடித்தார். அரிவாள் விழுந்தது. அவன் ஓடினான். அடிக்க மாட்டேன் என்று சொரிமுத்து யாரிடமும் சொன்னதில்லை. கண்ணை எடுக்க மாட்டேன் என்பதுதான் அவர் கணக்கு.

போலீஸ் சுட்டபிறகுதான் சந்து அடங்கியது. தலையில் ரத்தம் வழிய, அவரும் முப்பிடாதியம்மாளும் கணேசபாண்டியனைக் கக்கத்தில் கைகொடுத்து வீட்டுக்குள் இழுத்துப் போட்டார்கள்.

"ஆசிட் இருந்திருந்தா எனக்குக் காலு இருந்திருக்கும்" என்றான் அவன்.

ஒன்பது நாள் கழித்து, ஊரடங்கைத் தளர்த்திய ஒரு சாயங்காலம், சொரிமுத்து எண்ணெய் டின்களை வெட்டிப் புதுக் குழாய் செய்து முடித்தார். வெள்ளி பூசாத கண்ணாடியையே அதன் அடியில் பொருத்தினார். ஆசிட்டை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவர அவருக்கு மனம் இல்லை, பிறகு எப்போதும் கொண்டு வரவும் இல்லை. வெறும் கண்ணாடி கொஞ்ச வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். அந்த வெளிச்சத்துக்குச் சனியின் வளையம் தெரியாது. மேற்கே புகைக்கு மேல் சுக்கிரன் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதை நோக்கித் திருப்பினார்.

முப்பிடாதியம்மாள் பின்வாசலில் வந்து நின்றாள். "கட்டிலுல கெடக்கவன் கேக்கான், அந்த எழவு தெரியுதான்னு."

சொரிமுத்து உள்ளே போனார். மாவுக்கட்டுக் காலைப் பார்க்காமல், மச்சினன் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னார்: "தெரியுது மாப்ள. சுக்கிரன். பிறை மாதிரி இருக்கு."

"ஆசிட் இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

கணேசபாண்டியன் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.