கொட்டாவி மாமா கேட்ட பக்கம்

என் அக்கா கணவருக்கு நின்றுகொண்டே தூங்கத் தெரியும். ரொட்டி சுடும் தொழில். ஊரெல்லாம் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போது எழுந்து போய், மாவு பிசைந்து, அடுப்பில் வைத்து, சுட்டு இறக்கி, பத்து மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிடுவார். அதற்கு மேல் வீட்டில் அவர் கண்ணைத் திறந்தால் அதுவே அதிசயம். அப்படிப்பட்ட மனிதர் பக்கத்து அரசுப் பள்ளிக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்றதும் நான் சிரித்தேவிட்டேன்.

"என்ன அத்தான், பிள்ளைங்களுக்குத் தூங்கச் சொல்லித் தரப் போறீங்களா?"

"கேக்குற வேலைதான்மா. ஒவ்வொரு பிள்ளையா வந்து ஒரு பக்கம் வாசிக்கும். நான் உக்காந்து கேக்கணும், அவ்வளவுதான்."

காது இருந்தால் போதும் என்றார்களாம். அது அவரிடம் இருந்தது.

வாரம் இரண்டு நாள், பதினோரு மணிக்கு. மாடிப்படிக்குக் கீழே, வரைபடச் சுருள்களையும் உடைந்த மேசைகளையும் போட்டுவைக்கும் அறை. சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, மடங்கி உட்காருவார். ஜன்னல் வெயில் மடியில் வந்து விழும். அடுப்பு வெக்கை இன்னும் உடம்பில் இருக்கும். யானையும் மழையும் படகுமாகப் பிள்ளைகளின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வரும். இரண்டாவது பக்கத்திலேயே தூக்கம் கண்ணைக் கட்டும். கதையில் வரும் படகில் தானும் ஏறிப் போய்விடுவாராம். இதை வெட்கமில்லாமல் அவரே சொன்னார்.

பிள்ளைகள் 'கொட்டாவி மாமா' என்று பெயர் வைத்தன. யார் வாசித்தால் சீக்கிரம் தூங்குகிறார் என்று போட்டி வேறு. விஷயம் தலைமையாசிரியை காதுக்குப் போனது.

"தூங்கறதுக்கு இங்க ஆள் தேவையில்லைங்க. இன்னொரு தடவை பார்த்தேன்னா நீங்க வர வேண்டாம்."

நியாயம்தான். நானாக இருந்தால் முதல் தடவையே அனுப்பியிருப்பேன்.

மறுவாரம் பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருந்தார். கடைசியாக மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். திக்கித் திக்கிப் பேசுபவள். வகுப்பே சிரித்த நாளிலிருந்து யார் முன்னாலும் வாசிப்பதில்லை. புத்தகத்தை மடியில் வைத்தபடி சும்மா இருந்துவிட்டு, மணி அடித்ததும் போய்விடுவாள். அன்றும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில் அத்தானின் தலை தானாகச் சாய்ந்துவிட்டது.

அரைத் தூக்கத்தில் ஒரு குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, தயங்கி, பிறகு மெல்ல நகரும் குரல். கனவு என்றே நினைத்தார். கண்ணைத் திறந்தார், அவள் சட்டென்று நிறுத்தினாள். மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குரல் திரும்பி வந்தது.

அதன்பிறகு அவள் முறை வந்தபோதெல்லாம் அவர் தூங்கினார். லேசான குறட்டையோடு பொய்த் தூக்கம். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அவளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்வார்கள், மறுபடி வாயை மூடிக்கொள்வாள் என்ற பயம்.

"ஒரு வரி விடாமக் கேட்டேன்மா. என் வாழ்க்கையில அவ்வளவு முழிப்பா நான் இருந்ததே இல்ல" என்றார் என்னிடம்.

ஒரு நாள் அவள் பாதிப் பக்கத்தில் இருந்தபோது வராந்தாவில் செருப்புச் சத்தம். தலைமையாசிரியையின் நடை. அறை வாசலில் வந்து நின்றது. கண்ணைத் திறந்தால் அத்தான் தப்பிக்கலாம், ஆனால் அவள் நிறுத்திவிடுவாள். மூடியே இருந்தால் நாளை முதல் இந்த அறை இல்லை, அவளுக்கென்று தூங்க ஆளும் இல்லை. அழுகையே வந்துவிட்டதாம். இந்த ஒரு பக்கமாவது முடியட்டும் என்று மூடியே கிடந்தார். போதாததற்கு ஒரு குறட்டையும் விட்டார், மகா பாவி.

வாசிப்பு நின்றது. அவள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு கிசுகிசுத்தாள்.

"ச-சத்தம் போடாதீங்க டீச்சர். மா-மாமா முழிச்சிருவாரு. நான் இ-இன்னும் முடிக்கல."

நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. அத்தான் இமையை நூலளவு விலக்கிப் பார்த்தார். இன்னொரு குட்டி நாற்காலியில் தலைமையாசிரியை முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, விட்ட வரியிலிருந்து, கொஞ்சம் சத்தமாகவே, தொடங்கினாள்.