முகப்புப் படத்தில் இருந்த எழுத்து

வலது கை நெத்திலியின் தலையைக் கிள்ளும். இடது கட்டைவிரல் போனின் திரையைத் தடவும். விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதை அந்தப் போன் படித்துச் சொல்லும். சாதாரண வேகத்தில் அல்ல. நம் காதுக்கு ஈ மொய்க்கிற மாதிரிதான் இருக்கும். "மெதுவா வச்சா தூக்கம் வருதுடா" என்பாள் அனிட்டா அக்கா. ஆறு வயதில் அம்மை கண்டு பார்வை போனது. இப்போது முப்பத்தொன்பது.

வேதாரண்யத்தில் கருவாடு காயவைத்து விற்கும் அவளைப் பொட்டலத்தில் ஏமாற்ற முடியாது. நான் முயன்றிருக்கிறேன். வாளைக் கருவாடு என்று என் ரப்பர் செருப்பைக் கட்டி நீட்டினேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வாளை ஒம்பதாம் நம்பர். ஜோடி எங்கடா?" என்றாள்.

கர்வம் அதிகம். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "ஏங்க, கண்ணுலயா நிக்கிறேன்? காலு நல்லாத்தான் இருக்கு" என்று நாகப்பட்டினம் வரை நின்றே போவாள். சரக்கிலும் அதே கர்வம்தான். "மெட்ராஸ்காரன் ஏன் என்னைத் தேடி வாங்குறான்? கடிச்சா மண்ணு இருக்காது. உப்பு தூக்காது. அவ்ளோதான்."

மெட்ராஸ்காரர்கள் வாங்குவது இணையத்தில். இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கடைப்பக்கத்தைச் செய்தவன் நான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வரும் ஆர்டரை அவளுடைய அண்ணன் ஜோசப்ராஜ் படித்துச் சொல்வார். போன மாதம் அவர் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அக்கா முதல்முறையாகத் தன் கடைப்பக்கத்தைப் போனில் தானே திறந்தாள்.

"படம். படம். பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன்" என்றது போன்.

கிள்ளிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "என்னடா இது! என் கடைக்குள்ள நானே நுழைய முடியல?"

பார்க்க முடியாதவர் இதைத் திறப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் கடைக்காரியே பார்க்க முடியாதவள். மூன்று நாள் உட்கார்ந்து, எல்லாப் பட்டனுக்கும் பெயர் வைத்தேன். போன் படிப்பதற்காகப் படங்களுக்குக் கீழே ஒவ்வொரு வரி எழுதினேன். ஆர்டர் கொடுத்தவர் பெயர், நம்பர் எல்லாம் பேச ஆரம்பித்தன. முகப்புப் படத்துக்கு மட்டும் 'கருவாடு' என்று போட்டுவிட்டு நழுவப் பார்த்தேன்.

"அதுல ஏதோ எழுதியிருக்குன்னு அண்ணன் சொல்லுச்சே? படத்துல எழுத்து இருந்தா அதையும் அப்படியே போடணும்டா. கம்ப்யூட்டர் கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க. போடு."

போட்டேன். அக்கா விரலை வைத்தாள். ஈ மொய்த்தது. வேகத்தைக் குறைத்து மறுபடியும் வைத்தாள்.

"பார்வை இழந்த இந்த ஏழைச் சகோதரிக்கு வாழ்வு கொடுங்கள்."

வாசகம் அண்ணனுடையது. பக்கத்தில் கண்ணீர்த் துளி வரைந்தது நான், அழகாக இருக்கட்டுமே என்று. கண் இருந்த எல்லோரும் அதைப் படித்திருந்தோம். ஒருவரும் அவளிடம் மூச்சு விடவில்லை.

"எத்தனை நாளாடா இருக்கு இது?"

"ஆரம்பத்துலேர்ந்துக்கா."

எனக்கு மூக்கு ஒழுகியது.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அன்றைக்கு அனுப்ப வேண்டிய ஏழு பொட்டலங்களை முன்னால் இழுத்தாள். ஆர்டர் வந்த வரிசையிலேயே அடுக்கியிருந்தாள். முதல் நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அலோ, வேதாரண்யம் அனிட்டா பேசுறேங்க. ரெண்டு வருசமா வாங்குறீங்களே, வாளை எப்படிங்க இருக்கு?"

அந்தப் பக்கம் ஒரு அம்மா தயங்கினார். "அது வந்து... நாங்க சைவம்மா. வாட்ச்மேன்கிட்ட குடுத்துருவோம். ஏதோ உனக்கு ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு..."

"சரிங்க."

முதல் பொட்டலத்தை எடுத்து, டேப்பை நகத்தால் நிமிண்டிக் கிழித்து, வாளையைக் கூடையில் திருப்பிக் கொட்டினாள். பிறகு இரண்டாவது நம்பரைத் தட்டினாள்.